கிறிஸ்துதாஸ் கிழித்த பை

பென்னலூர்க் கிடங்கில் கிறிஸ்துதாஸைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. பிளாஸ்டிக் பையைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறான் என்பார்கள். மரவள்ளி மாவு கப்பலுக்குப் போகும் கிடங்கு அது. கண்டெய்னருக்குள் சுவரோடு சுவராக ஒரு பெரிய பையை விரித்துக் கட்டி, அதில் மாவைக் கொட்டி நிரப்புவார்கள். லைனர் என்று அதற்குப் பெயர். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் ஈரம் புகுந்து மாவு கட்டிதட்டிப் போகும்.

ஸ்டோர் கீப்பர் கிறிஸ்துதாஸ் பைகளைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்குவான். சுற்றிலும் எலிப்பொறி வைப்பான். கண்டெய்னருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை அடித்து மடக்கி, துருவேறிய விளிம்புகளில் டேப் ஒட்டி, பெருக்கித் துடைத்த பிறகுதான் பையைப் பிரிக்க விடுவான். செருப்போடு உள்ளே வந்தால் மேனேஜரையும் வெளியே நிற்கச் சொல்வான்.

1991 ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி மெர்சிக்கு அப்போதுதான் பிரசவமாகியிருந்தது. ஓலைக்கூரை ஒழுக ஒழுக, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை மாறிக்கொண்டிருந்தாள்.

"நனையாத இடம்னா உங்க குடோன்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தைத்தது.

மறுநாள் ஸ்டோரில் ஆளில்லாத நேரம் பார்த்து, புதுப் பை ஒன்றின் மேல்மடிப்பை உறையோடு சேர்த்து பிளேடால் ஒரு சாண் நீளம் கிழித்தான். கிழிந்த பையைக் குப்பையில்தான் போடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தான். ஆனால் கிழிசலைக் காட்டியதும் மேனேஜர் இராமச்சந்திரன், இதை யார் உள்ளே தூக்கி வந்தது என்று கேட்டார். காலையில் லாரியிலிருந்து இறக்கியவன் அவன் சிநேகிதன் முனிரத்தினம். கிறிஸ்துதாஸ் அந்தப் பேரைச் சொன்னான். கேட்டதற்குப் பதில் சொன்னோம், அவ்வளவுதானே என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

முனிரத்தினம் மறுக்கவே இல்லை. இடுப்பு பெல்ட்டின் பக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, இதுதான் பட்டிருக்கும் சார் என்றான். கண்டெய்னருக்குள் பையை மடிப்பில்லாமல் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அன்றிலிருந்து அவனை உள்ளே விடாமல், முற்றத்தில் சேறு வாரப் போட்டார்கள்.

சாயங்காலம் பை வீட்டுக்கு வந்தது. கூரையில் விரித்துக் கட்ட வந்தவனும் முனிரத்தினம்தான்.

"என்னால கிழிஞ்சது உன் வூட்டுக்காவது ஆவட்டும், தாஸு."

தூறலில் அவன் மேலேறிக் கட்ட, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கிறிஸ்துதாஸ் அண்ணாந்து பார்க்கவில்லை. கூரை ஒழுகுவது நின்றது. ஓலையில் விழுந்தபோது கேட்காத மழை பிளாஸ்டிக்கில் தடதடவென்று கேட்டது.

தாங்க முடியாமல் மறுநாள் காலை மேனேஜரிடம் போய், தானே கிழித்ததாகச் சொன்னான். அவர் சிரித்தார். சிநேகிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாய், நல்ல மனசு என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பேச்சு மதியத்துக்குள் முற்றத்துக்கு எட்டியது. முனிரத்தினம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கோசரம் பழிய நீ ஏத்துக்கினியாமே."

"இல்ல முனி. நெசமாவே நான்தான். பிளேடால கிழிச்சேன். புள்ள நனைஞ்சிகினு இருந்துச்சு."

முனிரத்தினம் கையை எடுத்துக்கொண்டான். "புள்ளைக்காக கிழிச்ச, சரி. என் பேர ஏன் சொன்ன?"

கிறிஸ்துதாஸ் வீட்டுக்குப் போய், மெர்சி எதற்கு என்று கேட்கக் கேட்கக் கூரைப் பையை இறக்கிச் சுருட்டி, மேனேஜரின் முன்னால் கொண்டுவந்து பிரித்தான். பக்கிள் பட்டிருந்தால் பை இழுபட்டுக் கிழிந்திருக்கும். இது கோடு போட்டாற்போல் இருந்தது. ஸ்டோர் சாவியை அவர் வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை, லோடிங்கில் போட்டார். முனிரத்தினம் மறுபடியும் கண்டெய்னருக்குள் போனான். இருவரும் ஒரே பையின் இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். இழு, விடு என்பதற்கு மேல் முனிரத்தினம் பேசவில்லை.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு கிறிஸ்துதாஸ் நேரில் போய் அழைத்தான். முனிரத்தினத்தின் மனைவி கங்கம்மாள் மட்டும் வந்தாள். அவருக்கு ஷிப்ட் என்றாள். அன்று கிடங்குக்கே லீவு என்பது இருவருக்கும் தெரியும். மெர்சி ஒரு தூக்கில் பிரியாணி போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் முனிரத்தினம் கழுவிய தூக்கைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தான்.

"நல்லா இருந்துச்சின்னு மெர்சிகிட்ட சொல்லு" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.