டாக்டரிடம் மறைத்த உறவு

சோர்ந்துபோன தாய் யாராவது இதை வாசித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் இன்னும் களைத்துப்போய்த்தான் இருக்கிறேன். ஆனாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மகள் ஜெனி நான்காம் மாதத்திலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவிழி நிற்காமல் ஆடும். கையை மடக்கிக் கண்ணை அமுக்கிக்கொண்டே இருப்பாள். திண்டுக்கல்லில் இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது, வளர வளரப் பார்வை வரும் என்றார்கள். மதுரைக்கும் போனோம். பஸ், வரிசை, சொட்டு மருந்து, மறுபடி பஸ். புதன்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். கடைசியில், குணமாக்கும் என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. "என்னவென்றாவது காட்டும் ஆண்டவரே" என்று மட்டும் கேட்டேன்.

வெட்கத்தோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் கணவர் எனக்கு அத்தை மகன். எல்லா டாக்டர்களும் சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார்கள். அத்தை முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "சொந்தம்னு வாயத் தொறக்காத தாயி. நம்ம ரத்தத்துலதான் கோளாறுன்னு எழுதிப்புடுவாங்க. பெறகு சின்னவளுக்கு எவன் வருவான்?" சின்னவள் என் நாத்தனார். போன இடமெல்லாம் "இல்லைங்க, அசல்தான், சொந்தமில்ல" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் தடவை மதுரையில், டாக்டரம்மா ஜெனி கண்ணை அமுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே சொந்தமில்லையாம்மா?" என்றார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். "அத்தை மகன்தாங்க" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே விழித்திரை வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். மூவரின் ரத்தத்தையும் எடுத்தார்கள். சில வாரம் கழித்துச் சொன்னார்கள்: பரம்பரையாக வரும் அபூர்வமான விழித்திரைக் கோளாறு. கண்ணாடியோ ஆபரேஷனோ உதவாது. "உங்க தப்பு எதுவுமில்லம்மா. ரெண்டு பேருகிட்டயும் தெரியாம ஒளிஞ்சு இருந்துருக்கு" என்றார் டாக்டரம்மா.

இதுவா பதில் என்று கேட்பீர்கள். நானும் கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் அன்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது கண் முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி, பார்க்கிறாளா என்று அவளைச் சோதிப்பதில்லை. பேசிக்கொண்டே தூக்குகிறேன், தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். என் குரல் கேட்டால் கை நீட்டுகிறாள். அதற்கு ஸ்தோத்திரம். நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தையே எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் திரும்பி வரவில்லை. அத்தை அதற்காக யாரையும் ஏசவில்லை.

நீங்களும் அவரிடம் கேளுங்கள், தருவார். ஆனால் கேட்டுவிட்டு எதையும் மறைக்காதீர்கள். எனக்கு வரவேண்டிய பதில் மாதக்கணக்கில் என் வாய்க்குள்தான் அடைபட்டுக் கிடந்தது.