ஜப்பானுக்குப் போன பெட்டி

போன வருடம் ஐப்பசி மழையில், ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் நடந்தது இது. என் மூத்த மகள் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புறப்பட்ட நாள்.

பிள்ளைகளே, கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீற்றர். விமானம் ஒன்பது மணி நேரத்தில் போய்விடும். இதை நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மகளை வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அக்கா வேனில் ஏறும்போதே கேட்டார்.

"ஏங்க, இங்கேருந்து கட்டுநாயக்க போகவே ஆறு மணி நேரமாகுது. ஒம்பது மணி நேரத்துல ஜப்பான் வந்துருமா? அப்ப பக்கந்தான் போல."

வேனே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒருத்தி போறதுக்கு எதுக்குப்பா இத்தனை பேரு?" என்று என் காதில் முணுமுணுத்தாள். வெளிநாடு போகிறவரை வேன் நிறைய ஆட்களோடு வழியனுப்புவது எங்கள் தோட்டத்து வழக்கம். அவளுக்கு அது கூச்சமாக இருந்தது.

கினிகத்தேனை தாண்டியதும் வேன் நின்றது. மண்மேடு சரிந்து பாதையை மூடியிருந்தது. ஊர்க்காரர்கள் சேற்றின்மேல் பலகை போட்டு, ஆட்கள் மட்டும் நடந்து கடக்க வழி செய்திருந்தார்கள். பாதை திறக்க மாலையாகும் என்றார்கள். விமானமும் மாலையில்தான். இரண்டு வருடம் படித்துக் கிடைத்த வேலை கைநழுவிவிடுமோ என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

என் மனைவி வேனிலிருந்து இறங்கினாள். வேன் கூரையில் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். துவாய்த் துண்டை மடித்துத் தலையில் வைத்து, அந்தக் கயிற்றையே பெட்டியில் கட்டித் தலையில் கோத்து, தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டுவது போலவே அந்தப் பெரிய பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நனைஞ்ச கொழுந்த விட இது லேசுதான்."

அந்த அக்கா மற்றப் பையைத் தூக்கினார். மற்றவர்கள் முன்னும் பின்னுமாக நின்று, வழுக்கும் இடங்களில் கைகொடுத்தார்கள். மகள் குறை சொன்ன அதே ஆட்கள்தான்.

மறுபக்கம் ஒரு சிங்கள வேன்காரர், ஹட்டனுக்குப் போக வேண்டிய ஆட்களோடு மாட்டிக்கொண்டு நின்றார். பெட்டி சுமந்து வந்த என் மனைவியைப் பார்த்ததும், எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சொன்னேன். "என் ஆட்கள் உங்கள் வேனில் போகட்டும். உங்களை நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றார். வழியில் தேநீருக்குக்கூட அவர் நிறுத்தவில்லை.

விமான நிலைய வாசலில் நின்ற காவலர், சேறு அப்பியிருந்த பெட்டியைப் பார்த்து, இது என்ன கோலம் என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மகள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று சிங்களத்தில் சொன்னாள்: "இது எங்கம்மா மண்சரிவுக்கு மேலால முதுகுல சுமந்து வந்த பெட்டி."

அவர் விலகி வழிவிட்டார்.

மறுநாள் காலை அவள் நரிட்டாவிலிருந்து பேசினாள். பெட்டியின் சேற்றை இன்னும் துடைக்கவில்லை என்றாள்.

இப்போதும் ஜப்பான் எவ்வளவு தூரம் என்று உங்களைப் போன்ற பிள்ளைகள் கேட்டால் ஏழாயிரம் கிலோமீற்றர் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் விமானத்தால் கடக்க முடியாத ஒரு சிறு துண்டும் இருந்தது, அதை என் மனைவி நடந்து கடந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.