குதிரைக்கு வைத்த உருண்டை

கடல் கடந்து பிழைக்க வந்த இடத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கல்லுளிமங்கி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் என் கணவர்தான். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா புள்ள?" என்று கேலி செய்வார். அவர் துரையின் குதிரைக்காரர், நான் கொழுந்து எடுப்பவள். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். கேட்க ஆள் இல்லையென்றால் குதிரையிடம் பேசுவார்.

அது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் மட்டக்குதிரை. வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்து, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் மலைப்பாதையில் சுட ஆரம்பித்ததும், துரை இரும்புத் தகடு அடித்த காருக்கு மாறிவிட்டார். குதிரைக்கு வேலை இல்லை. ஆனாலும் என் கணவர் தினமும் பங்களாவுக்குப் பின்னால் இருந்த லாயத்துக்குப் போவார். புல் அறுத்துப் போட்டு, உடம்பைத் தேய்த்துவிட்டு, மத்தியானம் தன் சோற்றில் முதல் பிடியை வெல்லத்தோடு உருட்டி அதற்குக் கொடுப்பார். அதன் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

பிறகு எங்கள் லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வெளியே போக ஒரே கேட். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது, திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. இவர் தன் பசியைப் பற்றிப் பேசவே இல்லை. "மத்தியானம் ஆனா என் கைய மோந்து மோந்து பாக்குது புள்ள. வெறுங்கைய நக்குது" என்று ஒரு சாயங்காலம் கண் கலங்கினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருத்தியாக இருந்தால் "ஐயோ பாவம்" என்றாவது சொல்லியிருப்பாள். மறுநாள் காலையில் எலுமிச்சம்பழம் அளவு ஓர் உருண்டை பிடித்து, இலையில் சுற்றி, அவருடைய புல் சாக்கின் மடிப்புக்குள் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. லாயத்தில் சாக்கை உதறும்போது பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். எனக்கு அன்பைக் காட்டத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அவர் எனக்குப் பத்தடி முன்னால் நின்றார். வழக்கமாகச் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்று நின்ற புதுக் காவலர் அதை விரித்து உதறினார். உருண்டை மண்ணில் விழுந்தது.

"யாருக்கு இது?"

என் கணவர் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நான்தாங்க வெச்சேன். குதிரைக்குங்க" என்றார்.

குதிரைக்குச் சோறா என்று அவர்கள் சிரித்தார்கள். அவரைப் போலீஸ் லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் முதுகில் கூடையோடு நின்றேன். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் தேட எனக்கு விருப்பமில்லை.

வீட்டில் அவருடைய அம்மா, என் அத்தை இருந்தார். அவர் மகன் காட்டுக்குச் சோறு கடத்தினான் என்று தோட்டமெல்லாம் பேச்சு. அத்தையும் அதை நம்பினார். "பெத்தவளயும் பொண்டாட்டியயும் நெனச்சுப் பாத்தானா?" என்று ஒருமுறை கேட்டார். அதோடு மகன் பெயரையே எடுக்கவில்லை. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். குதிரை யாரையும் கிட்டே விடவில்லை, ஓர் ஆளை உதைத்தும் விட்டதாம். "உன் வீட்டுக்காரன் பாத்த குதிரதானே, நீ போய்ப் பாரு லா" என்றார்.

முகத்தை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெரிய தைரியசாலிபோல லாயத்துக்குள் போவேன். குதிரை காதைப் பின்னால் மடித்துப் பின்பக்கத்தைக் காட்டும். மனிதர்களிடம் செல்லுபடியான என் முகம் அதனிடம் செல்லவில்லை. நான்காம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போடி! நீ மட்டுந்தான் அவருக்காக ஏங்குறியா?" என்று கத்தினேன். கத்தின வேகத்தில் அழுகை வந்தது. அவர் போனபின் நான் அழுத முதல் அழுகை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குதிரை மெல்ல வந்து என் கையை மோந்து பார்த்தது. வெறுங்கையை நக்கியது.

"நான்தான் வெச்சேன்" என்று அதனிடம் சொன்னேன். "அவருக்குத் தெரியாது. நான்தான் வெச்சேன்."

அன்றிலிருந்து அது என்னைத் தள்ளவில்லை. தேய்த்துவிடும்போதெல்லாம் சொன்னேன். சொன்னால் நெஞ்சு கொஞ்சம் இளகும், வீட்டுக்கு வந்து சோறு பொங்குவேன். குதிரை யாரிடமும் போய்ச் சொல்லாது அல்லவா? அந்தச் சௌகரியத்திலேயே இரண்டு மாதம் ஓட்டினேன். அந்த இரண்டு மாதத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அவருடைய சட்டைகளை மடித்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்தார். லாயத்தில் செய்வதுபோலப் பிடித்த மூச்சை விட்டேன். வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அத்த, சோத்த நான்தான் வெச்சேன். அவங்களுக்குத் தெரியாது."

அத்தை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

மறுநாள் இருவரும் தானா ராத்தா டவுனுக்குப் போனோம். போலீஸ் ஆபீசில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், உரக்கவே சொன்னேன். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "அவரே ஒத்துக்கிட்டாரும்மா. போன வாரமே நாடு கடத்தி நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க" என்றார். பிறகு எத்தனையோ மனு போட்டும் அவருக்குத் திரும்பி வர அனுமதி கிடைக்கவில்லை.

தோட்டத்து லோரியில் வரும்போது அத்தை என் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார்:

"கேட்டுல அவன் உன்னத் திரும்பிப் பாத்தானா?"

"பாத்தாங்க."

"கோவமாவா?"

"இல்ல அத்த. எங்க நான் வாயத் தொறந்துடுவேனோன்னு பயந்து பாத்தாங்க."

அத்தை அப்போதுதான் மகன் பெயரைச் சொல்லி அழுதார். லோரியில் ஆட்கள் இருந்தார்கள். நானும் சத்தம் போட்டே அழுதேன்.