பயறு கேட்கும் மணி நேரம்

ஒரு நாளில் தோட்ட வேலைக்கென்று எனக்கு எத்தனை மணி நேரம் உண்டு? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அது தெரியாமல் எங்கள் நிலத்தில் என்ன நடுவதென்று முடிவு செய்ய முடியவில்லை.

பெருங்கடவிளைக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டி, கொஞ்சம் நிலம். குத்தகையாகப் பாட்டத்துக்கு விட்டிருந்தது இந்த வருடம் கைக்கு வந்தது. கணவர் நெய்யாற்றின்கரையில் வேலை பார்க்கிறார். வேளாண் பொருளாதாரம் படித்த நான், நடக்கப் பழகும் மகளோடு வீட்டில் இருக்கிறேன். என்ன நட்டால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடச் சொன்னார்.

கல்லூரியில் பழகிய நேரியல் திட்டமிடல்தான். நிலம், தண்ணீர், ஆள் வேலை எவ்வளவு இருக்கிறது, ஒவ்வொரு பயிரும் அதில் எவ்வளவு எடுக்கும், என்ன தரும் என்று எழுதினால், அதற்குள் அதிக லாபம் தரும் கலவையைக் கணினி தேடித் தரும். நேந்திரன் தரும் ஏத்தவாழை, கிழங்குக்கான மரச்சீனி, பந்தலில் படரும் பயறு மூன்றையும் கொடுத்தேன். நிலம் முழுக்கப் பயறு என்றது. கணவர் அன்றைக்கே பந்தலுக்குக் கம்பு விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

பயறு காய்க்கத் தொடங்கினால் தினமும் பறிக்க வேண்டும். விட்டால் முற்றிவிடும். அதைக் கேட்ட மாமியார் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஞாயிறாச்சயும் பறிக்கணும்னு ஒனக்க கம்ப்யூட்டரு சொல்லுதா மக்கா? அப்பம் சர்ச் குயர்ல பாட அதையாக்கும் அனுப்பணும்."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் மண்ணில் இறங்குவதில்லை. எனக்குத் தெரியாததல்ல, இருந்தும் வாரத்துக்கு ஏழு நாள் என்று எழுதியிருந்தேன். ஞாயிற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். விடையில் பயறு அசையவில்லை. சனியிலும் திங்களிலும் மட்டும் பறிக்கும் வேலை கனத்தது. அந்த வேலை யார் தலையில் என்று தேடினேன். கூலி இல்லாத வீட்டு ஆள் என்று நானே எழுதியிருந்த வரியில், என் தலையில்தான்.

அந்த வரியின் நிழல் விலையைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண் அது. நிலத்தையும் தண்ணீரையும்விட அதுதான் பெரிதாக இருந்தது. அப்போது மகள் தூங்கி எழுந்து அழுதாள்.

என் நேரத்தைப் பாதியாக்கினேன். பாதி நிலத்தில் ஏத்தவாழை வந்தது. இன்னும் குறைத்தேன், மரச்சீனி மட்டும் மிஞ்சியது. நான் எழுதும் எண்தான் பயிரைத் தேர்ந்தெடுக்கிறது.

"உள்ளத எழுது. அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு ஆலோசன?" என்றார் கணவர்.

உள்ளது எது? மகள் நன்றாகத் தூங்கும் நாளா, காய்ச்சலில் இடுப்பைவிட்டு இறங்காத நாளா? குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக மாமியார் சொல்கிறார். முட்டுவலியோடு அவர் அவள் பின்னால் ஓடுவதை நினைத்தால் அந்த நேரத்தைச் சேர்க்க மனம் வரவில்லை. குறைத்து எழுதினால் உழைக்கத் தயங்குகிறேனோ என்றும் தோன்றுகிறது. கூட்டி எழுதினால், முற்றிய பயறு பந்தலில் தொங்க, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

வாழைக்கன்று வேண்டுமா என்று கன்று தருபவரிடம் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சிறு குழந்தையை வைத்துக்கொண்டு பயிர் செய்கிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: உங்கள் நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள், நல்ல நாளை வைத்தா, மோசமான நாளை வைத்தா?