போர் தண்ணியும் தம்பி கல்யாணமும்

கார் சூடாவதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "பழைய வண்டின்னா அப்படித்தானுங்களே" என்று சமாதானம் சொல்கிறவர்களைக் கண்டால் இன்னும் எரிகிறது. வண்டி பழசுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பழசு என்பதால் அது நடுரோட்டில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரரின் வீம்பால் நின்றது.

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். இரண்டு போர் போட்டுப் புகைதான் வந்தது. மூன்றாவதில், ஆயிரம் அடிக்குக் கீழே, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் அவருக்குச் சாமி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படியும். வெந்நீர் ஹீட்டர் அந்த உப்பில் அடைத்துச் செத்தே போனது. குடிக்க நாங்கள் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். அதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்.

அந்தப் போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றினார். டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் இருக்கும். வண்டியின் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்ட ஆரம்பித்ததும் நானே அவரை அன்னூர் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள பூராம் உப்புப் பிடிச்சிருக்குதுங்ண்ணா. ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, கூலண்ட் ஊத்திப்போடலாங்க" என்றார்.

"நம்ம போர் தண்ணிக்கு என்னப்பா கொறச்சல்? கலர் தண்ணிய வாங்கி ஊத்தோணுமாக்கும்? கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"சரிங்ண்ணா, உங்க இஷ்டமுங்க" என்று மூடியைத் திருகிவிட்டார் மெக்கானிக். 'இந்த வண்டியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போகாதீர்கள்' என்று ஒரு வார்த்தை அதட்டிச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அதில் தீயை வைக்க.

கல்யாணம் என் தம்பிக்கு. எனக்கிருப்பது அவன் ஒருவன், அவனுக்கு நான் ஒருத்தி. நாற்பது தாண்டியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. தோட்டம் வைத்திருக்கிறவனுக்குப் பெண் கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. "மாப்பிள்ளைக்கு டவுன்ல வேலை இல்லீங்களா?" என்று கேட்டுக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு நல்ல பெண் கிடைத்தாள். கோபிச்செட்டிபாளையத்தில் மண்டபம்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இணைச்சீர். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முதலில் உட்காருவது பெண் அல்ல, கூடப்பிறந்தவள். கூறைச் சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவள் கையில். அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் அத்தனை வருடம் அலைந்தேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். புளியம்பட்டியைத் தாண்டியதுமே முள் மேலே போக ஆரம்பித்தது.

"ஏனுங்க, முள்ளைப் பாருங்க. ஏசியை நிறுத்திப்போட்டு ஹீட்டரைப் போடுங்க. எஞ்சின் சூடு கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துரும்."

"இந்த வெயில்ல ஹீட்டரா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?"

நானே கையை நீட்டித் திருகினேன். அடுப்புக்குள் தலையை விட்டது போல அனல் அடித்தது, ஆனால் முள் இறங்கியது. சொன்னால் சொன்னபடி இறங்கியது! இப்படியே மெதுவாகப் போயிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். அவருடைய வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைகிறதாம். ஹீட்டரை அணைத்துவிட்டு ஏசியைப் போட்டார்.

நம்பியூருக்கு முன்னால் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி, துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியில் கையை வைத்தார்.

"ஆறட்டும்! இப்பத் தொறக்காதீங்க!"

யார் கேட்டார்கள்? செம்மண் நிறத்தில் கொதிநீர் சீறிக்கொண்டு வந்தது. அவருக்கு முழங்கை வெந்தது, என் பட்டுச் சேலையில் பாதி நாசம். அப்போதும் வாய் ஓயவில்லை. "தண்ணி கொறஞ்சிருக்குது, அவ்வளவுதான்" என்று கேனைத் தூக்கினார்.

நான் குனிந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸில் விரல் வைக்க முடியவில்லை. திரும்பிப் போகும் கீழ் ஹோஸ் ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது. விசிறி சுற்றுகிறது, பெல்ட்டும் அறுந்து போகவில்லை. மேலே வருகிற தண்ணீர் கீழே இறங்கவே இல்லை, நடுவில் உப்பு அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் வெந்நீர் ஹீட்டரைக் கொன்ற அதே உப்பு.

"கேன் கேனா ஊத்துனாலும் ஓடாதுங்க. இதை இங்கேயே உட்டுட்டு பஸ்ல போயரலாம் வாங்க."

"மாப்பிள்ளையோட அக்கா பஸ்ல வந்து எறங்குனா பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

பஸ்ஸும் வந்தது. கோபி பஸ். நான் ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினேன், டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்த மனுசன், "போங்க போங்க, வண்டி சரியாயிருச்சுங்க!" என்று சிரித்தபடி கையை ஆட்டினார். பஸ் போய்விட்டது. உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

அரை மணி நேரம் ஆறவைத்துக் கிளப்பினார். நம்பியூர் எல்லைகூடத் தாண்டவில்லை, மறுபடியும் ஆவி. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, எங்கிருக்கறீங்க? எல்லாரும் அவசரப்படுத்தறாங்க."

"இதோ வாரேன் கண்ணு. யார் சொன்னாலும் உக்காந்துராத."

காலித் தக்காளிப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது. வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டு அதை மறித்து முன் சீட்டில் ஏறினேன். பொண்ணு வீட்டுக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மண்டப வாசலில் இறங்கும்போதே உள்ளே மேளம் கேட்டது. கும்பலைத் தள்ளிக்கொண்டு போனேன். மணவறையில் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெரியப்பா மகள். கூறைச் சேலையின் மறுமுனை அவள் கையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் தம்பி எழப் போனான். சீர் நடத்தும் பெரியவர் அவன் தோளை அழுத்தி, "நல்ல நேரம் முடியப்போவுதுங்க தம்பி, எந்திரிக்கப்படாது" என்றார். அவன் கண் நிரம்பிவிட்டது. நாற்பது தாண்டிய ஆண்பிள்ளை, அத்தனை பேருக்கு நடுவில். "உக்காரு கண்ணு, நல்லபடியா நடக்கட்டும்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பந்தி பாதி நடக்கும்போது ஹாரன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் என் வீட்டுக்காரர். வழி நெடுக நிறுத்தி நிறுத்தி ஓட்டி வந்தாராம். வெந்த முழங்கையில் துண்டு, முகத்தில் ஜெயித்த களை.

"பாத்தியா, வண்டி வந்துருச்சு! கொஞ்சம் சூடாயிருச்சு, அவ்வளவுதான். இங்க ஒரு பக்கெட் தண்ணி கெடைக்குமா?"

"சாவியக் குடுங்க" என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரமே ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டினேன். கூலண்ட் ஊற்றினேன். அவர் மறுபடி நிரப்பி வைத்திருந்த இரண்டு கேனையும் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், முள் நடுவைத் தாண்டுவதில்லை.

அந்த வண்டியில்தான் தம்பி வீட்டுக்கும் போகிறேன். கூடத்தில் இணைச்சீர்ப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். தம்பி மனைவி பாவம், ஆசையாக மாட்டினாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் போகும்போதெல்லாம் தம்பி நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைக்கிறான். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் காப்பி குடிக்கிறேன்.