மை இல்லாம அச்சடிச்ச முகம்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சாலே காபியைத் தூக்கிட்டு எழுந்து போயிடுற ஆளு நான். நீங்களும் எழுந்து போகலாம், தப்பா நினைக்க மாட்டேன். ஆனா இது நான் வேலை பார்க்கிற வியட்நாம் சைகோன்ல எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகல்ல.

என் தம்பி சேகர் பைக் விபத்துல போயிட்டான். காரைக்கால்ல இருக்கிற அம்மாவுக்குச் சர்க்கரையில பார்வை போய் ரொம்ப நாளாச்சு. ஒருநாள் போன்ல, "போட்டோவெல்லாம் எனக்கு வழவழன்னு வெறும் தாளுதான்டி. அவன் மூஞ்சி என் கைக்கு மறந்துக்கிட்டே வருது"ன்னாங்க.

டிஸ்ட்ரிக்ட் ஒண்ணுல ஒரு பழைய கட்டடத்து மாடியில, யார் வேணா போய் சொந்தமா குட்டிப் புத்தகம் போடலாம், படம் செதுக்கி அச்சடிக்கலாம்னு ஒரு இடம் இருக்கு. நடத்துறது ஹான். அங்க அக்காவுக்கு 'சி', அதனால எனக்கு சி ஹான். மை தடவாம ஈரத்தாளை வச்சு அழுத்தினா, செதுக்கின கோடெல்லாம் மேடா எழும்பும்னு காட்டினதே அவங்கதான். அம்மா தடவிப் பார்க்கலாமேன்னு லீவு நாளெல்லாம் போய், போட்டோவைப் பார்த்து லினோங்கிற ரப்பர் மாதிரி தகட்டுல தம்பியைச் செதுக்கினேன்.

செதுக்கி முடிச்சப்ப, மறுநாள் ஊருக்கு பிளைட். அச்சடிச்சா, இடது புருவத்துத் தழும்பு வலது புருவத்துல நிக்குது! படத்தைத் திருப்பிச் செதுக்கணும்ங்கிறதை ஆசையில மறந்தே போயிட்டேன். பெத்தவ கை ஏமாறுமா? அழுதுட்டேன். "எம் ஓய், தங்கச்சி, அழாத. இன்னும் ஒரு தாள் நனைஞ்சிருக்கு, ஏதாவது யோசிப்போம்"னுட்டு, வெள்ளத்துல நிக்கிற வண்டியை நகர்த்த சி ஹான் கீழ போனாங்க.

வெளிய பேய்மழை. மேஜையில தலை சாய்ச்சேன், கண்ணு சொக்கிடுச்சு. அச்சு மெஷின் சக்கரம் மெதுவா சுத்துற சத்தம் கேட்டுச்சு. பயமே இல்லைங்க, வீட்டுல அடுப்படியில யாரோ பாத்திரம் உருட்டுறப்ப நாம நிம்மதியா தூங்குவோமே, அப்படி ஒரு சுகம்.

முழிச்சா, மெஷின்ல அந்தக் கடைசித் தாள். தழும்பு இடது புருவத்துல. அடியில கிடந்த தகட்டுல நான் செதுக்கின தப்பு அப்படியே இருக்கு. தாளைத் திருப்பி வச்சுப் பார்த்திருப்பேன்னுதானே நினைக்கிறீங்க? திருப்பினா பள்ளமால்ல இருக்கும், இது மேடா இருந்துச்சு. சொட்டச் சொட்ட மேல வந்த சி ஹானைக் கேட்டேன். "நான் இப்பத்தானே வர்றேன்"னாங்க.

ஊருக்குப் போய்க் கையில குடுத்தேன். அம்மா தடவிப் பார்த்துட்டு, "எம் புள்ளதான்"னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு, மேல எதையும் கிளறலை.

அதுக்கப்புறம் சில வருஷம் ஓடிடுச்சு. போன லீவுல அம்மா தாளைத் தடவிக்கிட்டே, "இவனுக்கும் அப்பா மாதிரி முன்நெத்தி ஏறிப்போச்சு பாரேன்"னு சிரிச்சாங்க. வயசாச்சு, உளர்றாங்கன்னு நினைச்சு, சும்மா நானும் கண்ணை மூடிக்கிட்டுத் தடவினேன். கண்ணோரத்துல சுருக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. நான் செதுக்கினது கல்யாணம்கூட ஆகாத பையனைங்க.