மிதியும் முள்ளும்

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் முள்ளுக்காரர் ஊதுகிறார். பழைய சைக்கிள் பம்ப்பின் ரப்பர்க் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, என்ஜின் தலையில் இருக்கும் நான்கு குழிகளையும் கன்னம் உப்ப ஊதுகிறார். குழியில் கிடக்கும் தூசி கிளம்பி அவர் முகத்திலேயே அடிக்கிறது. துடைத்துக்கொள்ள மாட்டார். "ஒரு மணல் உள்ள விழுந்தாலும் சிலிண்டர் கீறிடும் சார். அப்புறம் நம்மாலதான் கெட்டுச்சுன்னு ஆயிடும்" என்பார். அடுத்தவன் வண்டி மேல் இத்தனை அக்கறையா என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். நானும் ஒரு காலத்தில் உருகியவன்தான்.

பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு கொட்டடியின் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே அவருக்கு இடம். நடுவில் ஒரு மதில், இந்தப் பக்கம் என் வீடு. விற்க வந்தவரானாலும் வாங்க வந்தவரானாலும் முதலாளி முதலில் இவரிடம்தான் அனுப்புவார். கம்ப்ரஷன் பார்ப்பது இவர் வேலை. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று அளப்பது. பிளக் இருந்த துளையில் அழுத்தம் காட்டும் கேஜைத் திருகிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள் ஏறும். நூற்றறுபது, நூற்றெழுபது காட்டினால் என்ஜின் நல்ல தெம்போடு இருக்கிறது. நூற்றிருபதுக்குக் கீழே என்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். அந்தக் கேஜும் கையுமாகவே இருப்பதால் ஊரெல்லாம் அவருக்கு முள்ளுக்காரர் என்றே பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

வேலையில் சுத்தம். அதை மறுக்க முடியாது. குளிர்ந்த என்ஜினைத் தொடமாட்டார். "தூங்கறவன எழுப்பி ஓடச் சொன்னா எப்படி ஓடுவான்?" என்று சொல்லி, பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் ஸ்பானரை எடுப்பார். சுற்றும்போது பெட்ரோல் உள்ளே போகாமலிருக்க, பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கழற்றிய பிளக்குகள் ஒரு துணியின் மேல் வரிசையாகப் படுத்திருக்கும். வரிசையை யாராவது கலைத்தால் வாயில் வருவதை எழுத முடியாது. டீயை ஆறி ஆடை படிந்த பிறகே குடிப்பார். சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை, முதலாளியின் சொந்தக் கார் நடுரோட்டில் நின்றுபோன அன்று, ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று மூக்கு வழியாக வந்தது.

முள் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பார். நல்ல என்ஜினில் முதல் அடியிலேயே பாதிக்கு மேல் தாவும். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினில் மாடிப்படி ஏறும் குண்டர் மாதிரி நின்று நின்று ஏறும். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடி பார்ப்பார். எண்ணெய் விட்டதும் முள் உயர்ந்தால் கோளாறு ரிங்கில். உயராவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் படுத்தால், "பக்கத்துப் பக்கத்து வீட்டுல ஒருத்தன் இருமினா இன்னொருத்தனுக்குக் கேக்குதுன்னா என்ன அர்த்தம்? நடுச்சுவத்துல ஓட்டை. கேஸ்கெட் போச்சு" என்று முடித்துவிடுவார். அவர் சொல்லிப் பிரித்துப் பார்த்த என்ஜின்களில் அவர் சொன்னதுதான் இருந்தது என்று எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

எதிரிகளுக்குக் குறைவில்லை. முன்பு சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். வருகிறவனிடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே இருந்த மெக்கானிக், "ஒண்ணுமில்ல சார், பிளக் மாத்தினா போதும்" என்று சொல்லி அனுப்பினான். அவன் இன்று மூன்று மாடி கட்டிவிட்டான். "உண்மையச் சொல்லி ஒரு கடைய மூடியாச்சு. இன்னொண்ணு மூட நம்மகிட்ட கடை இல்ல" என்று முள்ளுக்காரர் சொல்லும்போது, பழி என்னுடையதுதான் என்பதுபோல என்னை முறைப்பார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் கேஜைப் பிடிக்க, இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருக வேண்டும். சீட்டில் உட்காருவது அவர் மனைவி. கொட்டடிக்குப் பின்னால், முதலாளி கொடுத்திருக்கும் ஒற்றை அறை வீட்டிலிருந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருவாள். செருப்பைக் கார்க் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்காருவாள். எதிரே தூக்கி நிறுத்திய பானட்டின் அடிப்பக்கம்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அடி" என்றால் சாவியைத் திருகுவாள். "போதும்" என்றால் விடுவாள். நாலு சிலிண்டர் முடிந்ததும் அடுப்பில் வைத்தது நினைவு வந்து ஓடுவாள்.

என் காரையும் இவர்கள்தான் பார்த்தார்கள். நான்கு சிலிண்டரும் நூற்றுக்குப் பக்கத்தில் நின்றன. எண்ணெய் விட்டும் முள் பெரிதாக அசையவில்லை. "ரிங் மட்டும்னா சமாளிக்கலாம் சார். வால்வும் சேந்து போயிருக்கு" என்று வருத்தமாகச் சொன்னார். முதலாளி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் அதே காரில் வாடகைக்கு ஏற வேண்டி வந்தது. மேட்டில் ஐந்து பேரோடு சும்மா பறந்தது. "என்ஜின் கல்லு சார். கைய வைக்கவே இல்ல" என்றார் டிரைவர். நேராக இறங்கி வந்து முள்ளுக்காரரைக் கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலும் ஒரே மாதிரி கொறஞ்சா என்ஜின சந்தேகப்படக் கூடாது சார். மிதிக்கிற கால சந்தேகப்படணும். மிதி அமுங்கலன்னா காத்து எங்கேருந்து உள்ள போகும்? மூக்கப் பொத்திட்டு மூச்ச இழுன்னா முடியுமா?"

"அப்போ எங்கிட்ட சொன்னது பொய்தானே?"

"நான் எங்க பொய் சொன்னேன்? முள்ளு காட்டுச்சு, படிச்சேன்."

"உங்க வீட்டம்மா?"

"அவளுக்கு முள்ளே தெரியாதே. பானட்டு மறைக்குது."

பிறகு கவனித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வாங்க வந்தவர் நின்றால் அந்தக் கால் தரை வரை அழுத்தும். விற்க வந்தவர் நின்றால் மிதியின் மேல் சும்மா கிடக்கும். யாரும் சைகை காட்டுவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் இதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை. ஒரு பொய்யை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நன்றாகச் சாப்பாடு இறங்கும் போலிருக்கிறது. எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காது. பிடிக்காமல்தான் தினமும் போய் அவர் எதிரில் உட்கார்ந்து வம்பிழுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவருடைய மைத்துனன் வண்டியை விற்க வந்தான். அந்த அம்மாள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. வாடகைக்கு ஓட்டுகிறான். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேன் கேட்டிருக்கிறார்கள். இந்தக் காருக்கு நல்ல விலை கிடைத்தால் வேன் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும், இவன் மறுபடி அடுத்தவன் வண்டிக்கு டிரைவர். "வெளியில குடுத்தா ஏமாத்துவான் சார். இங்கன்னா மாமா இருக்காரு" என்று என்னிடமே சொன்னான். நான் செருமினேன்.

அவன் வருவதற்கு முன்பே முதலாளி தகரக் கூரை வரை நடந்து வந்திருந்தார். அப்படி அவர் வருவதே அபூர்வம்.

"மச்சினன் வண்டியாமே, முள்ளு?"

"ஆமாங்க."

"முள்ளுக்குச் சொந்தபந்தம் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க."

"அதான். வீட்டுக்குக் கூட வெள்ளையடிக்கணும்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று, பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி நகர்ந்ததும், "ஏங்க, நம்ம தம்பி வண்டிங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

தம்பி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜின் சூடேறியது. அவர் குழாயை எடுத்து வாயில் வைத்து ஊதத் தொடங்கினார். வழக்கத்தைவிட நெடுநேரம் ஊதினார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் டார்ச்சை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் அவர் தோளை ஒட்டி நின்றேன். முதலாளியும் மைத்துனனும் டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். "அக்கா, நீயா?" என்று தம்பி சிரித்தான். "நான்தாண்டா எப்பவும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை விட்டுவிட்டு ஏறினாள். அவள் சிரிக்கவில்லை.

"அடி" என்றார் முள்ளுக்காரர்.

முதல் அடியிலேயே முள் பாதியைத் தாண்டித் தாவியது. நாலாவது அடியில் நூற்றெழுபதில் போய் நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேஜின் பக்கவாட்டிலிருக்கும் பித்தானை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போய் முள் கீழே விழுந்தது.

"இன்னொரு தடவ. கால சரியா வை."

"சரியாத்தான் வச்சிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுபடியும் நூற்றெழுபது.

"எவ்வளவு முள்ளு?" என்றார் முதலாளி.

முள்ளுக்காரர் கேஜையே பார்த்தார். இத்தனை காலம் அவர் செய்ததெல்லாம் முள் காட்டியதைப் படித்ததுதான். அன்றைக்கு முள் அவருக்கு உதவ மறுத்துவிட்டது.

"நூத்திப்பத்து" என்றார்.

மற்ற மூன்றையும் பார்த்தார். நூற்றைந்து என்றார், நூற்றுப்பத்து என்றார், நூறு என்றார். மூன்று முறையும் என் டார்ச் வெளிச்சத்தில் முள் நூற்றெழுபதுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதை நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, மேட்டுல நல்லாத்தானே இழுக்குது?" என்றான் மைத்துனன்.

"இழுக்கும். இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"எண்ணெய் கூடக் குடிக்கல மாமா."

"எல்லாம் இனிமேதான்."

அவன் கொஞ்ச நேரம் காரின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றான். "சரி மாமா. நீங்க சொன்னா சரிதான். வேன் கதை அவ்ளோதான்" என்றான். முதலாளி அவன் தோளில் கையைப் போட்டார். "நம்ம வீட்டு ஆளு. பாத்துப் போட்டுத் தரேன், கவலப்படாதே" என்றார். எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டார்ட்டர் ஓடத் தொடங்கியது.

யாரும் "அடி" என்று சொல்லவில்லை. கடைசி சிலிண்டரில் கேஜ் இன்னும் மாட்டியிருந்தது. முள் விறுவிறுவென்று ஏறி நூற்றெழுபதைத் தொட்டது.

"போதும்" என்றார் முள்ளுக்காரர்.

நிற்கவில்லை. பித்தானை அழுத்தி முள்ளை இறக்கினார். அது மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினார். மறுபடி ஏறியது.

"ஏய், போதும்னு சொல்றேன்ல! ஸ்டார்ட்டர் வெந்துடும்!"

வண்டி முழுக்கக் குலுங்கியது. முதலாளி தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "என்னம்மா இது?" என்று அதட்டினார். தம்பி கதவுக்குள் தலையை விட்டு, "அக்கா, என்னாச்சுக்கா? கைய எடு" என்றான்.

அவள் சாவியை விடவில்லை. பானட்டையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"முன்னாடி போய் நீயே பாருடா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பானட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். "என்ன மாமா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தான்.

முள்ளுக்காரர் இரண்டு உள்ளங்கைகளாலும் கேஜின் முகத்தைப் பொத்திக்கொண்டார்.